அந்துத் தூசி

பூச்சி அறையிலிருந்து வெளியே வருகிறவர்கள், பக்கத்திலேயே இருக்கும் காற்றுக் கூண்டுக்குள் நின்று, உடம்பில் ஒட்டியதையெல்லாம் ஊதித் தள்ளிவிட்டுத்தான் நடைவழிக்கு வரவேண்டும் என்பது விதி. மாமா வருவார். கூண்டின் கதவை ஒரு பார்வை பார்ப்பார். பார்த்துவிட்டு எதிர்த்திசையில் நடப்பார். நடைவழியின் மறுகோடியில், பூச்சிகளுக்குத் தீனி தயாராகும் உணவறை. அதன் வாசலில் வந்து நின்று இடது கையால் வலது தோளைத் தட்டுவார். குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி அவசரமே இல்லாத தட்டல். பிறகு வலது கையால் இடது தோள். பிறகு ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்து, தலைவழியாகக் கழற்றி, மேல் முனைகள் இரண்டையும் பிடித்து ஒரே ஒரு உதறு. வெள்ளி நிறத்தில் ஒரு புகை கிளம்பும். டியூப் லைட் வெளிச்சத்தில் கொஞ்சம் தயங்கி நிற்கும். உள்ளே போகலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் இருக்கும். பிறகு உள்ளே போகும்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வரும்.

"ஆச்சா மாமா?"

"ஆச்சு."

பெரும்பாலான நாட்களில் இரண்டு பேரும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். மாமா அக்காவுக்கு உண்மையாகவே மாமா. அவளுடைய கூடப்பிறந்த அக்காவைக் கட்டியவர். அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டு, காவலாளியிலிருந்து மேனேஜர் வரைக்கும் அந்த இடத்தில் எல்லோருக்கும் அவர் மாமா ஆகிவிட்டார். அது அவருக்குப் பிடிக்கவில்லை. "ஊருக்கே மாமன் ஆக்கிட்டா" என்பார். அவளை நாங்கள் அக்கா என்றோம். மாமாவின் மனைவியை எங்களில் யாரும் பார்த்ததில்லை என்றாலும், முறைப்படி அவர் எங்களுக்கு அத்தை. அத்தையை எங்களுக்கு அவர் கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டு கேரியர் வழியாகத்தான் தெரியும்.

என் மேசை நடைவழியின் நடுவில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தது. இடது பக்கம் திரும்பினால் பூச்சி அறைக் கதவு. வலது பக்கம் திரும்பினால் உணவறை வாசல். அதிகம் பேசாதவனுக்கு அதைவிட நல்ல இடம் அமையாது.

நாங்கள் குளவி வளர்க்கிறவர்கள். கொட்டுகிற குளவியை நினைக்கவேண்டாம். இது ஒரு முற்றுப்புள்ளி அளவுதான் இருக்கும். சோளத் தண்டைத் துளைக்கிற புழு, புழுவாவதற்கு முன்னால் இலையில் முட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த முட்டையைத் தேடிப் போய், அதற்குள் இந்தக் குளவி தன் முட்டையை வைத்துவிடும். உள்ளே இருப்பதைத் தின்று வளர்ந்து, புழு வரவேண்டிய இடத்தில் குளவி வெளியே வரும். மருந்து தெளிக்கப் பிரியப்படாத விவசாயிகள் எங்களிடம் அட்டை அட்டையாகக் குளவி வாங்கிப் போய் வயலில் கட்டுவார்கள்.

குளவியைப் பெருக்கவேண்டுமானால், அது முட்டை வைக்க வேறொரு பூச்சியின் முட்டைகள் வேண்டும். அதற்காக இருந்ததுதான் மாமாவின் அறை. தட்டுத் தட்டாக உடைத்த தானியத்தைப் பரப்பி, அதில் அந்துப்பூச்சி வளர்த்தார். தானியம் நூலாம்படை பிடித்துக் கட்டிதட்டும். அதிலிருந்து சாம்பல் நிற அந்துகள் எழும். அவற்றின் முட்டைகளைச் சலித்து எடுத்துக் குளவிகளுக்குக் கொடுப்பார். பார்வையாளர்கள் வந்தால், "எல்லாரும் வண்டு விழுந்துடுச்சேனு அழுவாங்க. நாங்க விழலயேனு அழுவோம்" என்று பெருமையாகச் சொல்வார். அந்துவின் இறக்கையில் மாவு மாதிரி செதில்கள் இருக்கும். அறை முழுக்க அதுதான் மிதக்கும். மூடியிருக்கும்போதும் அறை தன்னைத்தானே நடைவழி வரைக்கும் மெதுவாக உதிர்த்துக்கொண்டிருந்தது. அவர் காதுமடல், புருவம், முன்கை ரோமம் எல்லாம் லேசாக மின்னும். இருமல் வேறு. அவர் வருகிறார் என்பதற்கு எங்களுக்கு அந்த இருமல்தான் அடையாளம்.

அக்காவின் அறையில் அந்து கிடையாது. அங்கே முட்டையையே செய்தார்கள். மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அச்சால் அழுத்திச் சின்னச் சின்னக் குமிழிகள் எழுப்பி, அவற்றில் கோழிமுட்டை மஞ்சள் கரு, பால் பொடி, ஈஸ்ட், உப்புகள், கெட்டுப்போகாமல் இருக்க மருந்து எல்லாம் சேர்ந்த ஒரு கூழை நிரப்பி, இன்னொரு தாளால் ஒட்டி மூடுவார்கள். தாய்க்குளவி அந்தக் குமிழியை முட்டை என்று நம்பி, தாளைத் துளைத்து உள்ளே முட்டை வைக்கவேண்டும். நம்பினால் வேலை முடிந்தது. சில நாளில் குமிழிக்குள் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அதுதான் பிள்ளைகள்.

மாமா அந்தக் குளவிகளுக்குப் புட்டிப்பால் பிள்ளைகள் என்று பேர் வைத்தார். அக்காவுக்கும் அதே பேர்தான். "புட்டிப்பால் வந்துட்டாளா?" என்று என்னிடம் கேட்பார், அவள் காதில் விழுகிற தூரத்தில்.

அவளை அந்த இடத்துக்குக் கூட்டிவந்தவரே அவர்தான். அவள் புருஷன் வேலைக்கென்று எங்கோ போனவன் திரும்பவில்லை. தன் அக்கா வீட்டு மாடியில் வந்து ஒதுங்கினாள். அத்தை பிடுங்கி எடுக்கவே, மாமா ஒரு நாள் அவளை அழைத்துவந்து மேனேஜர் முன்னால் நிறுத்தினார். "கை கால் இருக்கு சார். தட்டு கழுவும்" என்றார். பல வருஷம் கழித்தும் அக்கா அதை மறக்கவில்லை. "கழுவுவானு சொல்லல. கழுவும். மாட்டச் சொல்ற மாதிரி" என்று ஒரு முறை என்னிடம் சொன்னாள், கண்ணைச் சோதனைக் குழாயிலிருந்து எடுக்காமல்.

கழுவினாள். கழுவிக்கொண்டே பார்த்தாள். அஞ்சல் வழியில் ஏதோ படித்தாள். உணவறையில் இருந்தவர் வேறு வேலைக்குப் போனபோது, அந்தக் கூழை அவரைவிட நன்றாகக் கலக்கத் தெரிந்தவள் அவள்தான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதுவரைக்கும் மாமாவுக்கும் அவளுக்கும் பெரிய பகை இல்லை. இவர் அவளை அலட்சியமாக நினைத்தார், அவள் இவரை முரடன் என்று நினைத்தாள். குடும்பத்துக்குள் சாதாரணமாக இருப்பதுதான்.

பகை செள்ளுப் பூச்சியில் ஆரம்பித்தது. அந்து வளர்க்கும் தட்டில் கண்ணுக்கு எளிதில் தெரியாத செள்ளு விழுந்தால், அது அந்துப் புழுவின் ரத்தத்தைக் குடித்து மொத்த அறையையும் காலி பண்ணிவிடும். மாமாவின் தட்டொன்றில் அப்படி இருப்பதை அக்கா பார்த்தாள். அவரிடம் சொல்லவில்லை. நேராக மேனேஜரிடம் போனாள். அன்று மாமாவைத் தட்டு கழுவுகிற பெண்கள் முன்னால் நிற்கவைத்து மேனேஜர் கேட்ட கேள்விகளை நான் இங்கே எழுதப்போவதில்லை. அத்தனை தட்டுகளையும் அவரே தூக்கிப் போய் உலையில் போட்டார். சாயங்காலம் நடைவழியில் அவளை மறித்தார்.

"வீட்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஆபீஸ்ல பாத்தேன். ஆபீஸ்ல சொன்னேன்."

"உங்க அக்கா போட்ட சோறு தொண்டையில இறங்கின பிறகு உனக்கு ஆபீஸ் ஞாபகம் வருது."

"அக்கா போட்ட சோறுதானே மாமா. நீங்களா பொங்கினீங்க?"

மறுநாளிலிருந்துதான் அந்த உதறல்.

கேரியர் மட்டும் மாறவில்லை. நான்கு அடுக்கு. மேல் இரண்டு மாமாவுக்கு, கீழ் இரண்டு அக்காவுக்கு. அத்தை அதைப் பிரித்துக் கட்டித்தர மறுத்துவிட்டாராம். பின்பக்கத்துத் தாழ்வாரத்தில் இந்தக் கோடியில் இவர், அந்தக் கோடியில் அவள். யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் தங்கள் அடுக்கை எடுத்துக்கொண்டு மீதியை நடுவில் வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு நாள் அடுக்கு மாறிவிட்டது. மாமா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"தம்பி, இத அந்தம்மாகிட்ட குடு. நான் எச்சில் பண்ணலனு சொல்லு."

அக்கா வாங்கிக்கொண்டு, "பண்ணியிருந்தா வாசனையிலயே தெரிஞ்சிருக்கும்னு சொல்லு" என்றாள். இரண்டையும் நான் சொல்லவில்லை. இரண்டும் இரண்டு பேருக்கும் கேட்டிருந்தது.

முகமூடி விஷயம் இன்னொன்று. அந்து அறைக்குள் முகமூடி போடாமல் போகக்கூடாது. மாமா அதைத் தாடைக்குக் கீழே மாலை மாதிரி தொங்கவிட்டிருப்பார்.

"முகமூடிய தாடைக்கா போடறது?" என்பாள் அக்கா.

"உன் முகத்தப் பாக்கவேண்டி வந்தா கண்ணுக்குப் போட்டுக்கறேன்."

அவள் அதையும் மேனேஜரிடம் சொன்னாள். மறுபடி மறுபடி சொன்னாள். மாமாவுக்கு ஒரு எச்சரிக்கை வந்தது. "மூட்டிவிடறதுல மெடல் குடுத்தா வீட்ல வைக்க இடம் இருக்காது" என்றார்.

பிறகு ஒரு கூட்டத்தில் அது நடந்தது. வருகிற பருவத்துக்குத் தேவையான குளவிகளை எப்படிக் கொடுப்பது என்று மேனேஜர் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்து அறையில் ஒரு தட்டு கெட்டால் எல்லாம் கெடுகிறது, ஆட்களுக்கும் அந்தத் தூசி ஒத்துக்கொள்வதில்லை என்றார். அக்கா கையைத் தூக்கினாள்.

"அந்த ரூமே தேவையில்ல சார். நான் தர்றேன்."

"மொத்தமுமா?"

"மொத்தமும்."

மாமா அவள் பக்கம் திரும்பவில்லை. மேனேஜரைப் பார்த்துச் சொன்னார். "சார், இந்தக் கட்டடத்துல முதல்ல திறந்த ரூம் அது. தானியக் கிடங்குல இருந்து முதல் அந்துவ ஒரு டப்பால போட்டு எடுத்துட்டு வந்தவன் நான். அத மூடிட்டா எனக்கு இங்க வேற என்ன இருக்கு?"

"பாக்கிங் கொட்டகை இருக்கே" என்றாள் அக்கா. "நல்ல காத்து வரும்."

முடிவு இப்படி ஆனது. உணவறைக் குளவிகள் தொடர்ந்து மூன்று முறை என் சோதனையில் தேறினால் அந்து அறை மூடப்படும். மாமா பாக்கிங் கொட்டகையில் அட்டை கட்டுவார். தேறவில்லை என்றால் எல்லாம் பழையபடி.

என் சோதனை எளிதானது. ஒரு கறுப்பு உருளை. சுவரில் பசை தடவிய ஒரு வளையம். மேலே வெளிச்சம் விழும் கண்ணாடி மூடி. அடியில் குளவிகளை விடுவேன். பறக்கத் தெரிந்தது மேலே போகும். நடக்கத்தான் தெரிந்தது வளையத்தில் ஒட்டும். செயற்கை உணவில் வளர்ந்தவை சில சமயம் வயிறு ஊதி, இறக்கை சுருங்கி இருக்கும். மாமா என் பின்னால் வந்து நிற்பார். அவர் மூச்சு என் காதில் அரிசி சலிப்பது போலக் கேட்கும்.

"எத்தனை ஒட்டிச்சு?"

"கம்மிதான் மாமா."

"நல்லாப் பாரு. புட்டிப்பால் குடிச்சது பறக்குமா?"

"பறக்குது மாமா."

"உன் கண்ணாடிய மாத்து தம்பி."

அவர் நம்பிக்கையெல்லாம் தூசியில் இருந்தது. கூழுக்குள் ஒரு துளி அழுக்குப் போனால் மொத்தமும் புளித்துவிடும் என்று அவருக்குத் தெரியும். "அவ பால் என்னிக்குத் திரியும்னு பாத்துட்டே இருக்கேன்" என்று எனக்கு முன்னாலேயே சொல்வார். ஆனால் அக்கா கூழைத் தூசி புகாத உள்கூண்டில் நிரப்பி, அங்கேயே ஒட்டிவிடுவாள். ஒட்டிய தாள்கள்தான் ஆறுவதற்காக வாசல் பக்கத்து ரேக்குக்கு வரும். தூசி அவற்றின் மேல் படியுமே தவிர உள்ளே போகாது. துடைத்தால் குமிழி அமுங்கிவிடும் என்று அவளும் அதை அப்படியே விட்டுவிடுவாள். ஆனாலும் எரிச்சல். புகார் செய்தாள். மேனேஜர் உணவறை வாசலுக்கு முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு போடச் சொன்னார். அதைத் தாண்டி யாரும் வரக்கூடாது. மாமா அன்றைக்கே வந்து, கட்டைவிரல் கோட்டின் மேல் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டு, நின்று உதறினார்.

"ஆச்சா மாமா?"

"ஆச்சு."

மூன்று முறையும் தேறியது.

அந்து அறையை மூடிய அன்று தட்டுகளை அவிக்கவும் சுவரைக் கழுவவும் ஆட்கள் வந்தார்கள். மேற்பார்வை அக்கா. குளோரின் வாசனையில் கண் எரிந்தது. "அந்த மூலை. மேல சீலிங். நடைவழியும்" என்று அவள் விரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு அந்து எப்படியோ தப்பித்து என் கண்ணாடியில் வந்து உட்கார்ந்தது. அவள் செருப்பால் அடித்தாள். மாமா எல்லாவற்றையும் காற்றுக் கூண்டின் மேல் சாய்ந்து நின்று பார்த்தார். கடைசியில் தன் ஏப்ரனைக் கழற்றினார். உதறவில்லை. கோட்டைத் தாண்டிப் போய், உணவறை வாசலில், ரேக்குக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினார்.

"இந்தா. கேட்டதெல்லாம் கிடைச்சுது. இது மட்டும் ஏன் பாக்கி?"

அக்கா அதை எடுக்கவில்லை. தொட்டால் தோற்றமாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. அது அங்கேயே தொங்கியது. தலை இல்லாத ஒரு ஆள் வாசலில் காத்திருக்கிற மாதிரி.

அதற்குப் பிறகு அவள் குளவிகள் முட்டை வைப்பதை நிறுத்திவிட்டன.

கூழ் அதே கூழ். தாள் அதே தாள். தாய்க்குளவிகள் குமிழிகளின் மேல் நடந்தன, உணர்கொம்பால் தட்டின, இறங்கிப் போய்ப் பெட்டியின் மூலையில் கூடி நின்றன. எனக்கு வந்த தாள்களில் அனேகமாகக் கறுப்புப் புள்ளிகளே இல்லை. அக்கா மஞ்சள் கருவை மாற்றினாள். வெப்பத்தை மாற்றினாள். தாள் வாங்கிய கடைக்காரரிடம் சண்டை போட்டாள். விவசாயிகளுக்கு வாக்குக் கொடுத்த பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது. மேனேஜர் நாளுக்கு நாலு தடவை உணவறை வாசலுக்கு வந்து, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார். அதுதான் அவளை அதிகம் வதைத்தது.

ஒரு மதியம் தாழ்வாரத்தில் அவள் தன் அடுக்கைத் திறக்கவே இல்லை. எழுந்து நேராக மாமா முன்னால் போய் நின்றாள்.

"என்ன பண்ணீங்க?"

"சாப்பிடறேன்."

"என் ரூம்ல என்ன பண்ணீங்க? சாவி உங்ககிட்டயும் இருந்துச்சு."

மாமா வாயில் இருந்ததை விழுங்கினார். "பண்ணத் தெரிஞ்சிருந்தா முன்னாடியே பண்ணியிருக்கமாட்டேனா?" என்றார். "அறிவுகெட்டவளே, உன் பாழாப்போன பால கெடுக்கத்தான இத்தனை நாள் தினமும் வந்து உதறினேன். கெட்டுச்சா? கெடலியே. அந்த வயித்தெரிச்சல் எனக்குத்தான் தெரியும்."

பாக்கிங் கொட்டகைப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அக்கா சிரிக்கவில்லை. அப்படியே நின்று அவரைப் பார்த்தாள். பிறகு, சாப்பிடாமலே, உணவறைக்குப் போனாள்.

நான் என் இடத்துக்கு வந்தபோது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவள் ரேக்கிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழ்த்தட்டின் இடது ஓரத்தில் ஆறிய தாள்களில் மட்டும் ஒன்றிரண்டு குமிழிகள் கறுத்து வருவதை நானும் கவனித்திருந்தேன், அது ஏன் என்றுதான் தெரியவில்லை. அவள் தலையைத் தூக்கினாள். அந்த ஓரத்துக்கு நேர் மேலே ஏப்ரன் தொங்கியது.

நடைவழியில் யாரும் இல்லை. அவள் அதை ஆணியிலிருந்து எடுத்தாள். ஒரு புதுத் தாளை ரேக்கில் வைத்தாள். ஏப்ரனை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் தோள் பக்கத்தைத் தட்டினாள். அவர் தட்டுகிற மாதிரியே. பிறகு முனைகளைப் பிடித்து ஒரு உதறு. தூசி அவள் முகத்தில் ஏறியது. இருமினாள். தாளைக் குளவிப் பெட்டியில் வைத்தாள். குளவிகள் வந்தன. கொஞ்ச நேரத்தில் அந்தத் தாளில் குமிழிகள் தெரியாத அளவுக்குக் கூட்டம்.

விஷயம் இவ்வளவுதான். அந்துவின் செதில் வாசனை இருந்தால்தான் தாய்க்குளவிக்கு அது முட்டை. இல்லாவிட்டால் வெறும் பிளாஸ்டிக். கெடுப்பதற்காக அவர் உதறியதில்தான் இத்தனை நாளும் அவள் பிழைப்பு நடந்திருக்கிறது.

அவள் அதை உடனே யாரிடமும் சொல்லவில்லை. ஏப்ரனில் இருந்த தூசி தீரும்வரை தட்டித் தட்டி உபயோகித்தாள். என் மேசைக்கு வந்த தாள்கள் கறுத்தன, பிறகு நாளுக்கு நாள் வெளுத்தன. கடைசியில் மேனேஜர் முடிவு கேட்டு என் அறைக்கு வந்தபோது அவளும் பின்னாலேயே வந்தாள்.

"சார், அந்து திரும்ப வளக்கணும். கொஞ்சமா. முட்டைக்கு இல்ல, செதிலுக்கு." முழுவதையும் சொன்னாள். மறைக்கவில்லை.

மேனேஜர் வாயைத் திறந்தபடி கேட்டார். "சரி, அப்போ மாமாவைக் கூப்பிடு."

"மாமா வேணாம். வேற யாரையாவது போடுங்க."

"பழகின ஆள் அவர்தானேம்மா."

"நான் கத்துக்குடுக்கறேன். அவர் வேணாம்னா வேணாம்."

கட்டிய அட்டைகளைக் கொடுக்க வந்த மாமா கதவருகே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டார். அடங்கியதும் மேனேஜரிடம் சொன்னார்.

"பாத்தீங்களா சார்? என் தூசி வேணுமாம். நான் வேணாமாம்."

அக்காவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். வெட்கம் என்று நினைத்தேன்.

"அவர உள்ள விட்டா நான் இங்க இருக்கமாட்டேன் சார்."

"இருக்காத" என்றார் மாமா. "உங்க அக்காகிட்ட சொல்லி ஒரு அடுக்கக் கம்மி பண்ணச் சொல்றேன்."

மேனேஜருக்குப் பருவம் முக்கியம். மாமாவுக்கு அறை திரும்பக் கிடைத்தது. முழுதும் இல்லை, கால்வாசி. மீதியில் காலித் தட்டுகள். ஆனால் கதவும் தாழ்ப்பாளும் அதே. முதல் நாள் அவர் தாழ்ப்பாளை நீக்கிய சத்தம், தேவைக்கு மேலேயே, நடைவழி முழுக்கக் கேட்டது. அக்கா போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து "ஆச்சா" என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். மாமாவும் வாசலில் உதறுவதை நிறுத்திவிட்டார். இப்போது விதிப்படி காற்றுக் கூண்டில் நின்று ஊதிக்கொண்டு, ஒரு துகளையும் இலவசமாகக் கொடுக்காமல் வந்தார். செதிலைத் தூரிகையால் பெருக்கிக் குப்பியில் அடைத்து, மஞ்சள் கோட்டின் மேல் வைத்து, செருப்பு முனையால் உள்ளே தள்ளுவார்.

"ஆச்சு" என்பார், யாரும் கேட்காமலே.

அவள் அவருக்குத் தொந்தரவு கொடுப்பதை விடவில்லை. மேனேஜரை அரித்து அந்து அறையில் ஒரு பெரிய காற்றாடி வைக்கச் சொன்னாள், தூசியை வெளியே இழுக்க. மாமா அதன் வாயை அட்டை வைத்து அடைத்தார். "எல்லாத்தையும் வெளிய இழுத்துட்டா உனக்கு எதக் குடுக்கறது?" என்றார். அவள் பொழுது விடிந்தால் அட்டையைப் பிடுங்குவாள். அவர் மதியத்துக்குள் மறுபடி அடைப்பார். முகமூடிக்காக இன்னும் இரண்டு எச்சரிக்கை வாங்கிக்கொடுத்தாள். அவர் அவற்றை அந்து அறைக் கதவில் ஒட்டிவைத்தார். கேட்கிறவர்களிடமெல்லாம், "இங்க பொறக்கற ஒவ்வொரு குளவியும் என் தோள்ல இருந்து பொறந்தது" என்பார். பொய் என்று யாராலும் சொல்லமுடியவில்லை. அவர் ஜெயித்துவிட்டார். இரண்டு மூன்று பருவம் அந்த ஜெயிப்பிலேயே இருந்தார்.

பிறகு நடைவழியைக் கடக்க அவருக்கு ஒரு மூச்சு போதவில்லை. நடுவில் என் கண்ணாடியில் கையை ஊன்றி நிற்பார். அவர் போன பிறகு கண்ணாடியில் வெள்ளியாக ஒரு உள்ளங்கை இருக்கும். சாயங்காலம் துடைப்பேன். ஒரு நாள் துடைக்க ஒன்றும் இல்லை. அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அந்து அறைக்கு வேறு ஆள் போட்டார்கள். அவன் முகமூடியை ஒழுங்காகப் போட்டான். காற்றாடி ஓடியது. தூசி குறைந்தாலும் குப்பி எப்படியோ நிறைந்தது. அக்கா அவனிடம் ஒரு குறையும் சொல்லவில்லை.

மாமாவின் ஏப்ரனும், தாழ்வாரத்தில் விட்டுப்போன ஒரு கேரியர் மூடியும் அலுவலகத்தில் கிடந்தன. கொடுக்கப் போனேன். அத்தையை முதல் முறையாக அன்றுதான் பார்த்தேன். தங்கையின் சாயலே இல்லை, சிறிய உருவம். உள் அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஏதோ இயந்திரம் ஓடுகிற சத்தம். அதற்கு மேலே மாமாவின் குரல்.

"யாரு? புட்டிப்பால் அனுப்பிச்ச ஆளா?"

"இல்ல மாமா. நான்தான்."

"கண்ணாடி மாத்திட்டியா?"

மாத்திவிட்டேன் என்றேன். அதற்குள் இருமல் வந்துவிட்டது. மாடியில் யாரோ நடந்தார்கள், இருமல் நிற்கிறவரைக்கும் நடை நின்று, பிறகு தொடர்ந்தது. அத்தை என்னை வாசல்வரைக்கும் கொண்டுவந்து விட்டார். எனக்கு ஏதாவது சொல்லவேண்டும் போல இருந்தது. அக்கா அன்றைக்குச் செள்ளு விஷயத்தை வீட்டிலேயே சொல்லியிருந்தால் இரண்டு பேருக்கும் இவ்வளவு ஆகியிருக்காது என்றேன்.

அத்தை ஏப்ரனை மடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, கதவை நன்றாகச் சாத்தினார்.

"மேனேஜர்கிட்ட போகச் சொன்னது நான்தான்பா" என்றார். செள்ளு வருவதற்கு முன்பே டாக்டர் சொல்லிவிட்டாராம், இந்த நெஞ்சோடு அந்த அறைக்குள் இனிமேல் காலே வைக்கக்கூடாது என்று. மாமா கேட்கவில்லை. வெளியே யாருக்கும் தெரியக்கூடாது என்று அத்தையிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாராம். அத்தை ஒரே ஒரு ஆளிடம் மட்டும் சத்தியத்தை மீறினார். எப்படியாவது அந்த ரூமை மூடவை, எதைப் பார்த்தாலும் நேராக மேனேஜரிடம் போ, நான் சொன்னது அவருக்குத் தெரியக்கூடாது என்று தங்கையிடம் கேட்டுக்கொண்டார்.

"அவளுக்கு இவரக் கண்டா ஆகாதுதான். அது பொய்யில்ல" என்றார் அத்தை. "அதனாலதான் அவகிட்ட சொன்னேன். இவரப் பிடிச்சவங்க யாரும் அதச் செஞ்சிருக்கமாட்டாங்க."